குஸ்தாவ்ஸ்பெர்க் சிங்கம்: அறுபதுகளுடையதா, பிறகு வந்ததா?

பூனைக்கண்
வணக்கம். வேலை நிமித்தம் ஸ்வீடனில் உள்ள உப்சாலாவுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இங்கே லோப்பிஸ் என்று பழைய சாமான் சந்தை போடுகிறார்கள். அதில் சுட்ட மண்ணில் செய்த ஒரு சிங்கப் பொம்மை பார்த்தேன். குண்டு உடம்பு, குட்டைக் கால், முகத்தைச் சுற்றி வட்டமாகப் பிடரி. "லிசா லார்சன், அறுபதுகள்" என்று அட்டையில் எழுதி, அதற்கேற்ற விலையும் போட்டிருக்கிறார் கடைக்காரர். திருப்பிப் பார்த்தால் முத்திரை எதுவும் இல்லை. காகித ஒட்டி உரிந்த கறை மட்டும் இருக்கிறது. முத்திரை இல்லாததைத் தொடவே கூடாது என்கிறார் அலுவலக நண்பர். இந்தப் பொம்மைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வாங்கலாமா?

வடக்குவாசி
வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குஸ்தாவ்ஸ்பெர்க் ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே வெர்ம்டோவில் இருந்த பீங்கான் ஆலை. 1825-ல் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து குளியல் தொட்டி வரை செய்த பெரிய ஆலை. அதற்குள் கலைஞர்களுக்கென்று தனி ஸ்டூடியோவை 1942-ல் வில்ஹெல்ம் கோகே ஏற்படுத்தினார். அவருக்குப் பிறகு கலை இயக்குநரானவர் ஸ்டிக் லிண்ட்பெர்க். கோத்தன்பர்க்கில் படித்து முடித்த லிசா லார்சனை 1954-ல் "ஒரு வருடம் வந்து வேலை செய்து பார்" என்று அழைத்தவர் லிண்ட்பெர்க்தான். அந்த ஒரு வருடம் 1980 வரை நீண்டது. ஸ்டூடியோவில் அவர் செய்து வைத்திருந்த மிருகங்களைப் பார்த்து, இவற்றை வரிசையாகத் தயாரிக்கலாமே என்றதும் லிண்ட்பெர்க்தான். அப்படி 1955-ல் வந்தது லில்லா ஸூ, அதாவது குட்டி மிருகக்காட்சி. பிறகு பெரிய மிருகக்காட்சி, கென்னல் என்ற நாய் வரிசை, இன்னும் பல. நீங்கள் பார்த்த சிங்கம் 1964-ல் வந்த ஆஃப்ரிகா வரிசையைச் சேர்ந்தது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் செய்தார்கள்.

சிக்கல் இனிமேல்தான். ஆலையை விட்டு வந்த லார்சன், அங்கே முன்பு வேலை செய்த சிலரோடு சேர்ந்து 1992-ல் குஸ்தாவ்ஸ்பெர்க்கிலேயே ஒரு சிறிய கூடம் தொடங்கினார். கேராமிக்ஸ்டுடியோன் என்று பெயர். பழைய உருவங்களை மறுபடி செய்தார்கள், அந்தச் சிங்கம் உட்பட. அதே ஊர், அதே உருவம், செய்பவர்களில் சிலர் பழைய ஆட்களே. அதைப் போலி என்று சொல்ல முடியாது. அவரே நடத்திய இடத்தில் அவர் கண்முன் வந்த சரக்கு. ஆனால் அறுபதுகளுடையது என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் அது வேறு கதை.

"கே-ஸ்டுடியோன்" என்று முத்திரை இருந்தால் 1992-க்குப் பிந்தையது, சந்தேகமே வேண்டாம். நங்கூரமும் குஸ்தாவ்ஸ்பெர்க் பெயரும் லிசா எல் என்ற கையெழுத்தும் இருந்தால் ஆலைக் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் உங்களுடையது மாதிரி வெறும் காகித ஒட்டியோடு போனவை நிறைய. ஒட்டி உரிந்துவிட்டால் பேச்சுதான் மிச்சம்.

என் வழக்கம் இது: வயதை நிரூபிக்க முடியாத பொம்மைக்கு, புதிதாக வந்ததற்கு என்ன கொடுப்பேனோ அதை மட்டும் கொடுப்பேன். பழையதாக இருந்துவிட்டால் எனக்கு லாபம், இல்லாவிட்டாலும் பிடித்த சிங்கம் வீட்டில் இருக்கும். கடைக்காரர் சொல்லும் பத்தாண்டுக்குத் தனியாகக் காசு கிடையாது.

கறார்
தலைப்பைப் பார்த்து வந்தேன். நடுநூற்றாண்டு ஸ்டூடியோ மண்பாண்டம் என்ற பிரிவில் இதை ஏன் பேசுகிறோம்? ஆலையில் அச்சு வைத்து ஆயிரக்கணக்கில் ஊற்றி எடுத்த பொம்மை. வடிவமைத்தவர் ஒருவர், செய்தவர்கள் வேறு யாரோ. ஸ்டூடியோ வேலை என்றால் ஒருவர் கையால் ஒன்று செய்ய வேண்டும், அடுத்தது அதே போல இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் ரோஸ்மேரி ரென் கையால் செய்த கோழியைப் பாருங்கள், பிறகு இந்தச் சிங்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் கிராக்கி ஏறியதிலிருந்து ஆளாளுக்கு லார்சன் என்கிறார்கள்.

சூளைமேடு
கறார் ஐயா, அச்சு என்றாலே இயந்திரம் என்று நினைக்கிறீர்களா? புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தில் பழகியவர்களிடம் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கும் மண்பாண்டம்) கற்றுக்கொண்டவள் நான். அச்சு வேலையும் செய்திருக்கிறேன், கையால் கட்டும் வேலையும் செய்திருக்கிறேன்.

பிளாஸ்டர் அச்சில் கூழ் மண்ணை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், சுவர் கெட்டியாகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். எடுத்த பொம்மை அப்படியே சூளைக்குப் போகாது. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் வரம்பு நிற்கும், அதைச் சீவ வேண்டும். காது, வால் தனியாகச் செய்திருந்தால் ஒட்ட வேண்டும். கண்ணையும் பிடரிக் கோட்டையும் கருவியால் மறுபடி கீறிக் கூர்மையாக்க வேண்டும். நிறக் கலவையைத் தடவி, மேட்டில் துடைத்துப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு துடைப்பது என்பது அவரவர் கை. அதனால்தான் ஒரே அச்சில் பிறந்த இரண்டு சிங்கத்துக்கு இரண்டு முகம் இருக்கிறது. சந்தையில் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

அந்த மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுட்ட மண்ணைப் பொடித்துப் பச்சை மண்ணில் கலப்பார்கள், ஷாமோட் என்று பெயர். ரவை கலந்த மாவு மாதிரி நறநறவென்று இருக்கும். ஏற்கெனவே சுருங்கி முடிந்த துகள் உள்ளே இருப்பதால் மொத்தத்தில் சுருக்கம் குறையும், காயும்போது வெடிப்பு விழாது. கனமான மிருக உடம்புக்கு அது இல்லாமல் கஷ்டம். மெருகு, அதாவது சூளையில் உருகிப் படியும் கண்ணாடிப் படலம், படாத இடத்தில் விரலால் தேய்த்துப் பார்த்தால் அந்த நறநறப்பு தட்டுப்படும். பூனைக்கண், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதை. அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே குழிவான பொம்மைக்கு எங்காவது வழி விட்டே ஆக வேண்டும். ஈரம் மிச்சமிருந்து ஆவியாகி வெளியேற இடமில்லை என்றால் சூளையிலேயே சிதறிவிடும்.

தேம்ஸ்கரை
கறார் சொன்ன ரோஸ்மேரி ரென் எனக்குப் பிடித்தவர், அதனால் நானும் வருகிறேன்.

அம்மா டெனிஸ் ரென், அப்பா ஹென்றி ரென். இருவரும் 1920-ல் இங்கிலாந்தின் சர்ரேயில் ஆக்ஸ்ஷாட் என்ற ஊரில் மண்பாண்டக் கூடம் தொடங்கினார்கள். டெனிஸ், வடிவமைப்பாளர் ஆர்ச்சிபால்ட் நாக்ஸின் மாணவி. அம்மாவும் மிருகம் செய்தார். கடைசிக் காலத்தில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, உப்பு மெருகு போட்ட யானைகள். சூளை கொதிக்கும்போது உப்பை உள்ளே வீசினால் அது ஆவியாகி மண்ணோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழுந்த பளபளப்பு வரும். யானைத் தோலுக்கு அதைவிடப் பொருத்தமான மெருகு எனக்குத் தெரிந்து இல்லை. ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்கள் பிறகு மற்ற யானைகளைச் சீண்ட மாட்டார்கள்.

மகள் ரோஸ்மேரி (1922–2013) பறவைகளும் மிருகங்களும் செய்தார். அச்சு கிடையாது, எல்லாம் கையால் குழிவாகக் கட்டியது. பின்னால் பீட்டர் க்ராட்டி கூட்டுச் சேர்ந்தார். ரென் என்பது ஒரு சின்னஞ்சிறு பறவையின் பெயர் அல்லவா, அதையே முத்திரையாக அழுத்துவார். இங்கே சாரிட்டி ஷாப்பில் அதை அடையாளம் தெரியாமல் "கோழி பொம்மை" என்று போட்டிருப்பதை இப்போதும் பார்க்க முடியும். பறவை முத்திரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கறார், "அடுத்தது அதே போல இருக்கக் கூடாது" என்ற உங்கள் அளவுகோலை வைத்தால் பெர்னார்ட் லீச்சே வெளியே போய்விடுவார். இந்த நாட்டு ஸ்டூடியோ இயக்கத்துக்குத் தகப்பன் மாதிரி. செயின்ட் ஐவ்ஸில் அவர் கூடம் நின்று பிழைத்தது ஸ்டாண்டர்ட் வேர் என்ற வரிசையால். விலைப்பட்டியல் அச்சடித்து, பயிற்சியாளர்கள் ஒரே அளவில் ஒரே மாதிரி வனைந்து விற்றார்கள். வடிவம் லீச்சுடையது, கை வேறு ஆட்களுடையது. அதை ஸ்டூடியோ என்கிறோம், சிங்கத்தை மட்டும் ஆலை என்கிறோம்.

கறார்
லீச்சின் பயிற்சியாளர் சக்கரத்தில் வனைந்தார், ஊற்றி எடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். யானை விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.

பாலைக்காடை
கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு சின்ன இடையீடு. ஹோவர்ட் பியர்ஸ் என்று ஒருவர் இருந்தார் (1912–1994). கிளேர்மான்டிலும் பிறகு ஜோஷுவா ட்ரீ பாலைவனத்திலும் மனைவி எல்லனோடு வீட்டிலேயே கூடம் வைத்திருந்தார். காடை, ரோட்ரன்னர், ஆந்தை என்று சுற்றுப்புறத்தில் பார்த்ததையெல்லாம் செய்தார். எல்லாம் அச்சில் ஊற்றியதுதான். ஆலை இல்லை, தொழிலாளர் கூட்டம் இல்லை. அவரைக் கறார் எந்தப் பெட்டியில் போடுவார்?

இன்னொன்று: பியர்ஸின் பறவைகளில் கூட்டமாக வருபவை உண்டு, தாய்க் காடையும் குஞ்சுகளும் சேர்ந்த தொகுப்பு. குஞ்சு தொலைந்துபோய்த் தாய் மட்டும் தனியாக விற்பனைக்கு வரும். தனியாக வாங்கிவிட்டு, பிறகு அதே மெருகில் குஞ்சு தேடி அலைவது ஒரு வியாதி. எனக்கு இருக்கிறது.

கறார்
பியர்ஸ் ஸ்டூடியோதான். சரி, ஒப்புக்கொள்கிறேன், அச்சு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனாலும் என் அலமாரியில் சிங்கத்துக்கு இடமில்லை.

பூனைக்கண்
இவ்வளவு பதிலை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். சூளைமேடு அக்கா சொன்ன நறநறப்பு அடியில் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. கால் அடியில் மட்டும் லேசாகத் தேய்ந்து அழுக்கேறியிருக்கிறது, நடுவில் சுத்தமாக இருக்கிறது. பிடரிக் கோடுகள் நல்ல கூர்மை. கூர்மையாக இருந்தால் ஆரம்ப காலத்தது என்கிறார் கடைக்காரர். உண்மையா? இது போலி நகலாக இருக்கவும் வாய்ப்பு உண்டா?

சூளைமேடு
கூர்மையை வைத்துக் காலம் சொல்ல முடியாது தம்பி. பிளாஸ்டர் அச்சு ஊற்ற ஊற்றத் தேயும், உண்மைதான். ஆனால் தேய்ந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு மூல அச்சிலிருந்து புதிது எடுப்பார்கள். அதனால் 1965-ல் அச்சின் கடைசி நாளில் வந்தது மழுங்கியும், முப்பது வருடம் கழித்துப் புது அச்சில் வந்தது கூர்மையாகவும் இருக்கலாம். போதாததற்குக் கையால் மறுபடி கீறுகிறார்கள்.

கால் தேய்ந்திருப்பது நல்ல அறிகுறி. அலமாரியில் உண்மையாகவே நின்ற பொம்மை தரையைத் தொடும் இடத்தில்தான் தேயும். அடி முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் யாரோ டீத்தூளோ ஷூ பாலிஷோ தடவியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

நகலைப் பிடிக்க இருப்பதிலேயே நம்பகமான கருவி அளவுகோல்தான். கடையில் வாங்கிய பொம்மையிலிருந்து ஒருவர் அச்சு எடுத்தால், அந்த அச்சில் பிறப்பது காய்ந்து சுட்ட பிறகு மூலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சிறியதாகிவிடும். மூலம் 20 செ.மீ. என்றால் நகல் 18 செ.மீ. பக்கம் நிற்கும். மண்ணின் சுபாவம் அது, ஏமாற்றுகிறவரால் எளிதில் தாண்ட முடியாது. பெரிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பக்கங்களில் உயரம் போட்டிருப்பார்கள். அதே உருவம், அதே அளவு வகை, நாலைந்து எடுத்து ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், அது சூளையில் நின்ற இடத்தைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

வடக்குவாசி
நேரம் கிடைத்தால் ஸ்டாக்ஹோமின் ஸ்லுசென்னில் பேருந்து ஏறி குஸ்தாவ்ஸ்பெர்க்குக்கே போய் வாருங்கள். அங்கே பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தச் சேகரிப்பு நேஷனல்மியூசியத்தைச் சேர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆலைக் காலப் பொருள்களைப் பார்த்துவிட்டு, அதே ஊரில் கேராமிக்ஸ்டுடியோனின் இன்றைய சரக்கையும் பாருங்கள். மெருகின் நிறம் எப்படி மாறுகிறது என்பது படத்தில் தெரியாது. லார்சன் 2024 மார்ச்சில் 92 வயதில் காலமானார். இப்படிப்பட்ட செய்தி வந்தால் விற்பவர்கள் விலையை ஏற்றுவார்கள். ஒரு வரிசையில் எத்தனை ஆயிரம் செய்தார்களோ அத்தனையும் வீடுகளில்தான் இருக்கின்றன, இன்னும் வரும். அவசரப்பட வேண்டாம்.

நீலக்குதிரை
என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும். பித்தோசி என்ற இத்தாலிய மண்பாண்ட நிறுவனத்தை யாரும் தொடவில்லையே! ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில் மொன்தெலூப்போ ஃபியொரெந்தினோ. அங்கே ஆல்டோ லோண்டி 1946-லிருந்து பித்தோசியில் வேலை செய்தார். ஈர மண்ணில் சின்னச் சின்ன முத்திரைக் கருவிகளை அழுத்திக் கோலம் போட்டு, மேலே பச்சை கலந்த நீல மெருகு. ரிமினி ப்ளூ என்று பெயர். குதிரை, பூனை, ஆந்தை, மீன், காளை. அறை முழுக்க மண் நிறத்தில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நீலம் வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை. அடியில் கையால் எழுதிய எண்ணும் "இத்தாலி" என்ற சொல்லும் மட்டுமே பெரும்பாலும் இருக்கும். அந்தக் காலத்தில் மற்ற இத்தாலியக் கூடங்களும் இதே பாணியில் செய்தன, அவற்றிலும் "இத்தாலி"தான். அதனால் நீலமாக இருப்பதெல்லாம் பித்தோசி என்று விற்கப்படுகிறது. அமெரிக்காவில் ரேமோர் என்ற இறக்குமதியாளரின் ஒட்டி இருந்தால் கொஞ்சம் தெளிவு. ரிமினி ப்ளூவை இன்றும் செய்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வடக்குவாசி சிங்கத்துக்குச் சொன்ன விதி குதிரைக்கும் பொருந்தும்.

தேம்ஸ்கரை
பித்தோசி சரக்கு ஸ்டோன்வேர் இல்லை, குறைந்த சூட்டில் சுட்டது. மண் ஈரத்தை இழுத்து மெல்ல விரியும், மெருகு விரியாது, அதனால் வலை மாதிரி கீறல் விழும். அது வயதின் இயல்பு, பயப்பட வேண்டாம். ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் வெந்து இறுகுவதால் அதில் இப்படி விழுவது குறைவு. அதில் கோடு தெரிந்தால் கூர்ந்து பாருங்கள், உடைந்து ஒட்டியதாக இருக்கலாம்.

இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "குறையில்லை" என்று வாங்கிய டேனிஷ் கரடிக்கு ஒரு காது முழுக்க ரெசின் என்ற செயற்கைப் பிசின். நாலு படம் போட்டிருந்தார், நாலும் மறு பக்கத்திலிருந்து எடுத்தவை. காசைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிலிருந்து காது, வால் நுனி, கால் இந்த மூன்றுக்கும் தனிப் படம் கேட்காமல் வாங்குவதில்லை. நேரில் என்றால் புற ஊதா டார்ச் எடுத்துப் போகிறேன். பழைய பசையும் பூச்சும் தனியாக ஒளிரும். இப்போது ஒளிராத பூச்சும் வந்துவிட்டது, அதனால் பல்லையும் பயன்படுத்துகிறேன். சிரிக்காதீர்கள். மெருகைப் பல்லில் லேசாகத் தட்டினால் கண்ணாடி மாதிரி கடினமாகக் கேட்கும், பூச்சு மந்தமாக இருக்கும். கடைக்காரர் பார்க்காதபோது செய்யவும்.

கறார்
டேனிஷ் கரடி என்றால் க்னுட் க்யூன் செய்ததா? டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகன் பீங்கான் ஆலையில் அவர் செய்த பழுப்பு மெருகுக் கரடிகள் ஆலைப் பொருள் என்றாலும் என்னிடம் இரண்டு இருக்கின்றன. அதில் பார்க்க வேண்டியது: மூன்று அலைக் கோடு முத்திரையின் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் அது இரண்டாம் தரம். சூளையில் சிறு குறை கண்டு ஆலையே கீறி விற்றது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. முத்திரையில் ஆலைப் பெயரின் எழுத்துகளுக்கு மேலோ கீழோ ஒரு சிறு கோடு இருக்கும், 1935-லிருந்து வந்த பழக்கம். எந்த எழுத்து என்பதை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஸ்வீடன்காரர்களுக்கு அந்த ஒழுங்கு இருந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

பாலைக்காடை
அலமாரியில் இடமில்லை என்று யாரோ சொன்னார்களே!

கறார்
சிங்கத்துக்கு இல்லை என்றேன். கரடியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

பூனைக்கண்
உயரம் ஒப்பிட்டேன், பழைய ஏலப் பக்கங்களில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. வடக்குவாசி சொன்னபடி, இன்றைய புதுச் சிங்கத்தின் விலையைச் சொல்லிக் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார், மழை வந்து சந்தையைக் கட்டும் நேரம் ஆனதும் கொடுத்துவிட்டார். பிடரிப் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறியிருக்கிறது, எப்படிச் சுத்தம் செய்வது? டிசம்பரில் ஊருக்கு வரும்போது அம்மாவிடம் காட்ட எடுத்து வரவும் ஆசை.

சூளைமேடு
பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், ப்ளீச்சும் வேண்டாம். மெருகு இல்லாத இடம் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ். முழுக்க முக்கி வைக்காமல், அடி ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு தேயுங்கள். உள்ளே தண்ணீர் போனால் வெளியே வர நாளாகும், வரும்போது அடியில் கறை விடும். ஒட்டி இருந்த இடத்தில் உள்ள பசைக் கறையை மட்டும் தொடாதீர்கள். அது எந்த வடிவ ஒட்டி என்று நாளைக்கு யாராவது சொல்லக்கூடும்.

விமானத்துக்கு: துணியில் சுற்றி வைத்தால் மட்டும் போதாது, கால்தான் முதலில் போகும். கால்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தை முதலில் மென்காகிதத்தால் திணியுங்கள், பிறகு முழு உடம்பையும் சுற்றுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் அளவாவது திணிப்பு இருக்கட்டும். கைப்பையில் எடுத்துப் போங்கள். பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொல்வார்கள், அதனால் டேப்பை ஏகத்துக்குச் சுற்றாதீர்கள்.